சோல்மியில் மிஞ்சிய நாள்கள்

அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் சோல்மி ஊராருக்கு வழக்கம்போல் அறுபத்திரண்டு நாள்கள் கிடைத்தன. விதவை இம்சுனுக்கு மட்டும் முந்நூற்று அறுபத்திரண்டு நாள்கள் கிடைத்தன.

காசில்லாத கொரிய விசுவாசிகள் நாளைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். இத்தனை நாள் ஆண்டவருக்கு உழைக்கிறேன் என்று சபையில் எழுந்து சொன்னால் போதும். தெற்கே துறைமுகத்தில் காலரா இறங்கிவிட்டது என்று வசந்தத்தில் சேதி வந்ததும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நாள் கேட்டார் மூப்பர் சோ. தாமே முப்பது கொடுத்தார். இம்சுனின் உயிர்த்தோழி போக்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நாற்பது கொடுத்தாள். மற்றவர்கள் கொடுத்தது மொத்தம் முந்நூறு சேர்ந்தது. தினைக்காட்டில் களை எடுக்க ஆளில்லாத இம்சுன் தன் பங்குக்குப் பத்துதான் சொன்னாள். நாலு பேர் முகம் சுளித்தார்கள்.

ஜூலையில் நோய் ஊருக்குள் வந்தது. போலீஸ்காரர்கள் உப்பளத்தோரம் பாய்க் கொட்டகை போட்டு, வாந்தியெடுத்தவர்களையெல்லாம் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். முதல் ஆளாகப் போன இம்சுன் பத்து நாள் துணி அலசி, கஞ்சி ஊட்டி, பிணம் கழுவிவிட்டு, மாற்று ஆளுக்காக வழியைப் பார்த்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பதினோராம் நாள் காலையில் ஆட்களுக்குப் பதில் அவர்களுடைய நாள்கள் வந்தன. கொட்டகையைச் சுற்றி மட்டும் சூரியன் மறைந்து உதித்தது, ஊரில் அதே காலைதான். முதலில் வந்த முப்பது நாளிலும் புகையிலை வாடை அடித்தது. புகையிலை பாவம் என்று மூப்பர் சோ பிரசங்கித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த நாள், போக்சில் தலைக்குத் தடவும் எள்ளெண்ணெய் மணத்தோடு விடிந்தபோது அவளுடைய நாள்கள் தொடங்கிவிட்டதை இம்சுன் புரிந்துகொண்டாள். அன்றே போக்சிலின் புருஷனைத் தூக்கி வந்தார்கள். கண் திறந்தபோதெல்லாம் அவன் பெண்டாட்டியைக் கேட்டான். ஆறு நாள் பொறுத்துப் பார்த்த இம்சுன் ஊருக்குள் நடந்தாள். போக்சில் வீட்டுக் கதவில் பூனைப் படம் ஒட்டியிருந்தது. காலரா எலியாகக் காலில் ஏறும், பூனையைக் கண்டால் ஓடும் என்று நம்புகிறவர்கள் ஒட்டுவது. அந்தப் படங்களை வசந்தத்தில் சபை முற்றத்தில் குவித்துக் கொளுத்தியவளே போக்சில்தான்.

"அடியே, அவரு உன்னையே கேட்டுக்கிட்டிருக்காருடி. வாசல்ல நின்னு ஒரு தடவ முகத்தக் காட்டிட்டு வந்துரு."

"கிட்ட வராத அக்கா! அதான் என் நாளெல்லாம் உன்கிட்ட வந்திருச்சுல்ல, இன்னும் என்ன வேணும்?"

"அவருக்கு நான் என்னத்தடி சொல்ல?"

"நான் செத்துட்டேன்னு சொல்லிரு."

காலராவுக்குக்கூட இம்சுன் அப்படிப் பயந்ததில்லை, அந்தக் குரலுக்குப் பயந்தாள். மறுநாள் அவன் செத்தான். எள்ளெண்ணெய் மணக்கும் நாள் இன்னும் முப்பத்து மூன்று பாக்கி. ஒவ்வொரு விடியலிலும் காறித் துப்பினாள், துப்பிவிட்டு அடுத்தவனுக்குக் கஞ்சி கரைத்தாள். அந்த நாள்களில் ஒன்பது பேர் பிழைத்தார்கள்.

செப்டம்பரில் நோய் ஓய்ந்து நன்றி ஆராதனை நடந்தது. சபையார் கொடுத்த ஒரு நாளும் வீண்போகவில்லை என்று மூப்பர் சோ கண்ணீர்விட்டு ஜெபித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் இம்சுனுக்குத் தாங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் போக்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் செத்துட்டேன்னு சொன்னதும் அவரு என்ன சொன்னாரு?"

"அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலடி. நீ வந்துட்டன்னு சொன்னேன். கண்ணு மங்கிப்போச்சு அவருக்கு. என் கையப் பிடிச்சுக்கிட்டு உன் பேரச் சொல்லிக்கிட்டே போனாரு."

போக்சில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இம்சுன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. அதுவரை போக்சிலுக்கு இரண்டு வயது மூத்தவளாக இருந்த அவளை, அந்த வருடக் கடைசியில் முந்நூறு நாளையும் சேர்த்து, சபையார் பதிவேட்டில் மூன்று வயது மூத்தவள் என்று எழுதிக்கொண்டார்கள்.