புளோறன்ஸ் அம்மாவின் கட்டில்

கொட்டாஞ்சேனையில் ஒரு காலத்தில் பெரும் வியாபாரிகளாக இருந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றின் மாடி வீடு, 1997ஆம் ஆண்டு நூதனசாலையாக மாறிக்கொண்டிருந்தது. வீட்டின் கடைசி வாரிசு றேமண்ட். மேல்மாடிப் படுக்கையறைகளைத் தன் பாட்டி புளோறன்ஸ் வாழ்ந்த காலத்தில் இருந்தபடியே திருத்தித் தரும் வேலையை அவர் சரோஜினிதேவியிடம் கொடுத்திருந்தார். அவள் பழைய கட்டடங்களைப் பேணும் துறையில் படித்தவள். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தகப்பன் நாகேந்திரத்துடன் இருந்தாள்.

சுவரைச் சுரண்டி, அடியில் கிடந்த பழைய இளம்பச்சையைக் கண்டுபிடித்து அதையே பூசுவித்தாள். குடும்பப் படமொன்றைப் பார்த்து நுளம்பு வலை தைப்பித்தாள். கட்டில்தான் இல்லை. குடும்பத்தார் எப்போதோ விற்றுவிட்டார்கள். அதே காலத்துத் தேக்கங்கட்டில் ஒன்றை றேமண்ட் பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கி அனுப்பினார்.

மெத்தைக்கு அடியில் வரும் பலகைகளைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பலகை மட்டும் நீலம். சின்ன வயதில் அவளும் தம்பியும் குதித்து உடைத்த இடத்துக்கு, அப்பா பழைய வாசல் படலையிலிருந்து வெட்டிப் போட்ட பலகை. நீலப் பூச்சில் ஊசியால் கீறிய அவர்களுடைய பெயரெழுத்துகள் இன்னும் இருந்தன.

றேமண்டைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இது எங்கட வீட்டுக் கட்டில். எண்பத்திமூண்டு கலவரத்தில போனது.”

“உங்கட வீடு எரிஞ்சதெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“எரிக்க முன்னம் சாமானெல்லாம் தூக்கிக்கொண்டு போனவங்கள்.”

றேமண்ட் கதவைச் சாத்தினார். “நானும் தமிழன்தான் சரோஜினி, எனக்கு விளங்குது. ஆனா திறப்பு விழாவுக்கு மினிஸ்டர் வாறார். பாட்டின்ர கட்டில் எண்டு போர்டும் எழுதியாச்சு. களவுச் சாமான் எண்டு பொலிஸுக்குப் போனா முதல்ல உங்களைத்தான் இருத்தி வைச்சு விசாரிப்பாங்கள்.” சற்று யோசித்தார். “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் இதுதான் எண்டு சொன்னா, நான் தாறன்.”

மறுநாள் தகப்பனும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் நாகேந்திரத்தை மட்டும் வெயிலில் தனியே நிறுத்தினார்கள். தன் மகன் வயதுப் பொலிஸ்காரனுக்கு அவர் தலையைக் குனிந்து, “ஓவ் மாத்தயா, ஓவ் மாத்தயா” என்று சிங்களத்தில் ஆம் ஐயா சொல்லிக்கொண்டு நின்றார். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மிச்சத் தூரத்தை நடந்தார்கள்.

மாடியில் நாகேந்திரம் கட்டிலைச் சுற்றி வந்தார். குனிந்து கையை உள்ளே விட்டு நீலப் பலகையைத் தடவினார். விரல் அந்த எழுத்துகளின் மேல் நின்றதைச் சரோஜினிதேவி பார்த்தாள்.

“இது எங்கடை இல்லை, தம்பி,” என்றார் றேமண்டிடம். “பிள்ளை மாறி நினைச்சிட்டுது.”

றேமண்ட் மூச்சை விட்டார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நாகேந்திரம் குடிக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். “ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?”

“எங்கடைதான் பிள்ளை. ஆனா அதை எடுத்து எங்க போடுறது? எங்கட அறைக் கதவுக்குள்ளால அது போகாது. நாளைக்கு உனக்கு வேலையும் இருக்காது.” தெருவோரமாக நடக்கத் தொடங்கினார். “கொம்மா யாழ்ப்பாணத்தில இரவல் பாயில கிடந்தெல்லோ செத்தவ. இனிக் கட்டில் வந்து ஆருக்கு?”

அவளுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் இருந்தாள். றேமண்டிடம் தோற்றதை விட, சோதனைச் சாவடியில் பார்த்த அந்தத் தலைகுனிவிடம் தோற்றதுதான் கசந்தது.

நீலப் பலகை தனியாகத் தெரிகிறது, மாற்றிவிடுங்கள் என்று றேமண்ட் சொன்னார். தச்சனை விடாமல் அவளே கழற்றித் தேக்குப் பலகை போட்டாள். கட்டிலுக்கு மெருகு பூசினாள். நன்றாகவே செய்தாள். அரைகுறையாகச் செய்ய அவள் கை ஒப்பவில்லை.

திறப்பு விழாவன்று அறைகளை விளக்கிச் சொல்ல அவளையே நிறுத்தினார்கள். மினிஸ்டரின் மனைவி கட்டில் தூணைத் தடவிப் பார்த்தார்.

“எவ்வளவு வடிவு. யார் படுத்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

றேமண்ட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“புளோறன்ஸ் அம்மா,” என்றாள் சரோஜினிதேவி. “பிள்ளைகளெல்லாம் இந்தக் கட்டிலில்தான் பிறந்தார்கள்.”

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. தகப்பனைப் போலவே தனக்கும் பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. வந்தவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போனாள்.