வலது முன்சக்கரம்

என்னிடம் வருவதற்கு முன்பே நியார்கோவின் டாக்சியில் எங்கள் கானா நாட்டுக் குமாசி நகரத்தின் மூன்று ஃபிட்டர்கள் கைவைத்திருந்தார்கள். ஒருவன் சக்கரங்களைப் பாலன்ஸ் செய்திருந்தான், ஒருவன் டை ராடு மாற்றியிருந்தான், இன்னொருவன் பால் ஜாயின்ட். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஸ்டியரிங் கைல நிக்க மாட்டேங்குது மாஸ்டர். மத்தியானம் அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மாம்போங் சரிவுல இறங்கணும்" என்றான் நியார்கோ.

போன வருஷம் அதே சரிவில்தான் வலது முன்டயர் வெடித்து அவன் வண்டி கவிழ்ந்தது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவன். இன்று அவன் மனைவி போகுவாவும் பின்சீட்டில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு தங்கச்சி வர்ற?"

"செத்தா சேர்ந்தே சாகலாம்னுதான்."

"மாஸ்டர் பானெட்டைத் திறக்கறதுக்குள்ள இவ சவப்பெட்டிக்குச் சொல்லிடுவா" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

நானே ஓட்டினேன். நேர்ச்சாலையில் எண்பதைத் தொட்டும் ஸ்டியரிங் அசையவில்லை. மாம்போங் மேட்டில் ஏறும்போதும் ஒன்றுமில்லை. "எங்கடா ஆடுது?" என்று எரிந்து விழுந்தேன். உச்சியில் திரும்பி இறங்கத் தொடங்கினோம். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன்.

ஸ்டியரிங் வெடவெடவென்று உதறியது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் சாலையில் எதிர்வண்டிகள் வருவது அந்த இடப்பக்கத்தில்தான். போகுவா கத்தினாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், இரண்டாவது கியருக்கு இறக்கினேன், ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். லாரி ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். பயந்துபோனேன், அதில் வெட்கமில்லை.

"பிரேக் போட்டாத்தானே ஆடுது! இதை ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல மாஸ்டர்."

பிரேக் போட்டால் மட்டும் ஆடுகிறது என்றால் பிரேக் தட்டைத்தான் பார்க்கவேண்டும். அங்கேயே ஜாக்கி போட்டு வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். தட்டில் அங்கங்கே பழுப்பாகப் பிசின் காய்ந்திருந்தது. பிரேக் பேட் ஊறி, கருகிப் பளபளத்தது. பிரேக் ஆயில் கசிகிறதா என்று தடவினேன், ரப்பரெல்லாம் உலர்ந்திருந்தது. கிரீஸ் உறையும் கிழியவில்லை. விரலை முகர்ந்தேன். ஆலிவ் எண்ணெய்.

எங்கள் வீடுகளில் சமையலுக்குப் பனை எண்ணெய். ஆலிவ் எண்ணெய் சின்னக் குப்பியில் வரும், தலையில் பூசிக்கொண்டால் ஆபத்து அண்டாது என்று பாஸ்டர் ஜெபித்துத் தருவார்.

நான் போகுவாவின் கைப்பையைப் பார்த்தேன். நியார்கோவுக்கும் புரிந்துவிட்டது. சொல்லாதீர்கள் என்று தலையை அசைத்தான். எனக்கும் வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசை. மூடிக்கொண்டால் நாளை விடிந்ததும் அவள் மறுபடி ஊற்றுவாளே!

"தங்கச்சி, இந்தச் சக்கரத்துல எண்ணெய் ஊத்துறியா?"

"தினமும் விடியக்காலைல, இவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. ஜெபம்னாலே இவர் கிண்டல் பண்ணுவாரு. போன வருஷம் வெடிச்ச சக்கரமாச்சே, அதனால அதுக்கு மட்டும். உள்ள வரைக்கும் போகணும்னு இடுக்கு வழியா ஊத்துவேன்."

"எண்ணெய் பட்டா இந்தப் பக்கம் பிரேக் பிடிக்காதும்மா. அந்தப் பக்கம் மட்டும் பிடிக்கும். அதான் இழுக்குது. தட்டுல காஞ்சு போனதுதான் உதறுது."

அவள் குனிந்து தட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டி ஆடுதுன்னு இவர் சொல்லச் சொல்ல, பத்தலையோன்னு இன்னும் ஜாஸ்தியா ஊத்தினேனே..."

காலையிலிருந்து எல்லார்மேலும் எனக்கிருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது.

நியார்கோ ஒரு பைக்கை நிறுத்தி ஏறி, மாம்போங் போய்ப் புது பேட்கள் வாங்கி வந்தான். அதற்குள் நான் தட்டைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் தேய்த்து வைத்தேன். இரண்டு பக்கமும் பேட் மாற்றி, மேலே ஏறித் திரும்பவும் இறங்கினேன். அதே வளைவில் அழுத்தி மிதித்தேன். வண்டி நேராக நின்றது, ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கமும் இல்லை.

கீழே இறங்கியதும் போகுவா கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் புதரில் வீசக் கையை ஓங்கினாள். நியார்கோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். தொப்பியைக் கழற்றி அவள் முன்னால் தலையைக் குனிந்தான்.

"எறியாத. வண்டிக்கு வேணாம், ஓட்டுறவனுக்கு ஊத்து."

ஒரு சொட்டுப் போதும். அவள் குப்பி முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். எண்ணெய் காதோரம் இறங்கிச் சட்டைக் காலரில் வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"கையை மட்டும் நல்லாத் துடைச்சிட்டு ஸ்டியரிங்கைப் பிடி" என்று சொல்லிச் சாவியை நீட்டினேன்.