நிறுவனர் இன்றும் தினமும் கடையில் இருக்கிறார்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் கடைவரிசையில், இறந்துபோன கடைக்காரர்கள் ஏழு பேர் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தத்தம் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அன்று தேங்காய் ஒன்று இரண்டு வெள்ளி எண்பது காசுக்கு விற்றது. விடிந்ததிலிருந்து லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் மூத்தவர் செத்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது, இளையவர் செத்துப் பதினாலு மாதம். யாரும் சுவரைத் துளைத்துக்கொண்டோ புகையாகவோ வரவில்லை. வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேசைக்குப் பின்னால் தங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். இரவு ஏழு மணிக்குப் பார்த்தால் இருக்கமாட்டார்கள், மறுநாள் ஒன்பதுக்கு மறுபடி இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பிள்ளைகள் பூட்டிக்கொண்டு போனாலும் உள்ளே விளக்கு எரிந்தது, வியாபாரம் நடந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஷர்மினி. கெட்ட எண்ணம் கொண்டவள் அல்ல, அவசரக்காரி, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் ஈப்போ டவுனில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, இருபத்து நான்கு வருடம் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், தீபாவளி நோட்டீஸ் என்று எழுத்துக் கோத்தே கண்ணாடி போட்டுக்கொண்டவள். கோவிட் வந்தபோது நோட்டீஸ் அடிப்பவர்கள் இல்லாமல் போனார்கள், அச்சகமும் போனது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இணையத்தில் பேஜ் போட்டுக் கொடுக்கிறேன் என்று அவள் வீட்டிலிருந்தே தொழிலை ஆரம்பித்தாள். முதலில் வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஞானசேகரம். எண்பத்தொரு வயது, சிலோன்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் வெளியே வராதவர். "நான் ஒவ்வொரு நாளும் கடைக்கு வாறன்தானே பிள்ளை, அதையும் எழுதும்" என்றார். 'எங்களைப் பற்றி' என்ற பகுதியின் கடைசியில், எங்கள் நிறுவனர் இன்றும் தினமும் கடையில் இருக்கிறார் என்று அவள் எழுதினாள். அது உண்மை, யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு கடைவரிசையில் மற்றவர்களும் கேட்டார்கள். ஷர்மினி ஞானசேகரத்தின் பேஜை அப்படியே பன்னிரண்டு பிரதி எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் படத்தையும் மாற்றினாள். அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிட்டாள். அச்சகமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அங்கே புரூஃப் எடுத்துக் கொடுத்து, வாடிக்கைக்காரர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினில் ஏறும். இணையத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓக்கே லா என்று சொல்லிவிடுகிறார்கள். பன்னிரண்டு கடைகளில் நான்கின் நிறுவனர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் எப்போதும்போல் வந்து உட்கார்ந்ததால் அங்கே வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஜனங்கள் இதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள் என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மளிகைக் கடை ஐயாவு வந்த முதல் வாரம், மகன் சுரேன் பயந்துபோய் மூன்று தடவை அர்ச்சனை செய்தான். இரண்டாவது வாரம் அப்பாவைப் பார்த்து அழுதான். மூன்றாவது வாரம் சண்டை ஆரம்பித்துவிட்டது. பருப்பு டப்பாவை இடம் மாற்றியது யார், மிளகாயை ஏன் வெயிலில் போடவில்லை, போனைக் காட்டிக் காசு கொடுக்கிறான், அது எந்தப் பெட்டியில் விழுகிறது என்று ஐயாவு விடாமல் கேட்டார். சுரேன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஷர்மினியிடம் சொல்லி அந்த வரியை அழிக்கச் செய்தான். ஐயாவு கடலை மென்றுகொண்டிருந்தபோதே காணாமல் போனார். மூன்று நாள் கழித்து சுரேன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "திரும்பப் போட்டுருங்கக்கா, கடையே வெறிச்சுனு இருக்கு" என்றான். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஐயாவு வந்து, மிச்சக் கடலை எங்கே என்று கேட்டார்.

ஆனால் எட்டுக் கடைகளுக்கு எட்டுப் பேர் வந்திருக்க வேண்டும். ஐயாவு கடைக்குப் பக்கத்தில் இருக்கும் 'சீனி பூமாலை நிலைய'த்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. சீனி இறந்து அப்போது மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி கலாதேவி, அந்தப் புதன்கிழமை இரண்டு பக்கமும் நடப்பதைப் பார்த்துவிட்டு, சீனியின் நாற்காலியைத் துடைத்து வைத்தார். பால் இல்லாமல், சக்கரை குறைத்து ஒரு கோப்பி ஓ வாங்கி வைத்தார். அது ஆறிப்போனது. மறுநாளும் வாங்கி வைத்தார். ஒரு மாதம் இப்படி முப்பது கோப்பி ஆறியது. வரி விட்டுப்போயிருக்குமோ என்று ஷர்மினி போய்ப் பார்த்தாள், இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள், தமிழுக்குக் கீழே மலாயிலும் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன இருந்ததோ என்று கடைவரிசையில் பேச ஆரம்பித்தார்கள். பேசியவர்களில் செத்துப்போனவர்களும் இருந்தார்கள்.

என்ன இருந்தது என்பதை ஒருநாள் கலாதேவியே ஷர்மினியிடம் சொன்னார். சீனி இறந்த அன்று ஒரு கல்யாண ஆர்டர். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கிளினிக்குக்கு வா என்று சீனி கூப்பிட்டார். ஜோடி மாலை பாதியில் நின்றது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். நீங்க முன்னால போங்க, நான் முடிச்சிட்டு வாரேன் என்று கலாதேவி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். சீனி தனியாக மோட்டார் சைக்கிளில் போனார், கிளினிக் வாசல் வரைக்கும்தான் போனார். "அந்தக் கோவம் லா," என்றார் கலாதேவி, "எல்லாரும் வந்துட்டாங்க, அவரு மட்டும் வரல பாரு." தான் அவசரத்தில் விட்ட ஒரு வரி இந்த அக்காவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டதே என்று ஷர்மினி தன்னையே நொந்துகொண்டாள்.

ஜூன் மாதம் பீடோரில் கலாதேவியின் தங்கை பாப்பா புது வீட்டுக்குக் குடிபோனாள். போகாமல் இருக்க முடியாது. சீனி இறந்த பிறகு முதல் தடவையாகக் கலாதேவி கடையைப் பூட்டிவிட்டுப் போய், ஓர் இரவு தங்கி வந்தார். இரவு எட்டு மணிக்கு வந்து கதவைத் தூக்கினால், மல்லிகை வாளி காலி, தரையில் வாழைநார்த் துண்டுகள், கோயிலுக்குக் கட்ட வேண்டிய ஒன்பது மாலையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. விற்காத ஒரு மாலை மட்டும் கொக்கியில் தொங்கியது. முடிச்சைப் பார்த்தார், தன் முடிச்சு மாதிரியே இருந்தது. சீனிக்கு மாலை கட்டக் கற்றுக்கொடுத்ததே கலாதேவிதான், ஆகவே அவர் முடிச்சும் அப்படித்தான் இருக்கும். அவர் வந்திருக்கிறார், நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார் என்று கலாதேவி முடிவு செய்துகொண்டார். அக்கம்பக்கத்தில் கேட்க வெட்கமாக இருந்தது. அவர்களும் எதுவும் சொல்லவில்லை. ஜூலையில் வேண்டுமென்றே ஒருநாள் பீடோருக்குப் போய்ப் பார்த்தார், அதேதான் நடந்தது. செத்த பிறகும் என் முகத்தில் முழிக்க விரும்பாத மனுஷனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது தடவை போகும்போது ஷர்மினியிடம் சொல்லிவிட்டுப் போனார். "பத்து மணிக்குக் கடைக்குப் போ. அவரு இருப்பாரு. கோவமான்னு ஒரு வார்த்த கேளு. ஆமான்னு சொன்னாலும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சாப் போதும்." சொன்ன நேரத்துக்கு ஷர்மினி போனாள். கதவு தூக்கியிருந்தது. வாசலில் ஒருவர் அரளி மாலை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் உள்ளே பார்த்தாள். கலாதேவி உட்கார்ந்து செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, போகலியா?" என்றாள் ஷர்மினி, கொஞ்சம் எரிச்சலோடு. "வா, உக்காரு," என்று சொல்லிவிட்டுக் கலாதேவி அடுத்த பூவை எடுத்தார். அப்போது ஷர்மினியின் போன் அடித்தது. பீடோரிலிருந்து கலாதேவி பேசினார்.

"வந்துட்டாரா?"

ஷர்மினி போனைப் பார்த்தாள், எதிரில் இருந்தவரைப் பார்த்தாள். எதிரில் இருந்தவரின் பல்லில் நார் இருந்தது, அதனால் அவர் பேசியிருக்க முடியாது.

"அவரு இல்லக்கா."

"பின்ன யாரு கட்டுறா?"

"நீங்கதான் இருக்கீங்க."

அந்தப் பக்கம் பாப்பா வீட்டுச் சேவல் கூவுவது கேட்டது. "என்ன கட்டுறேன்?" என்று கேட்டார் கலாதேவி. செவ்வந்தி என்றாள் ஷர்மினி. "ஆமா, செட்டியார் வீட்டு ஆர்டர் அது," என்றார் கலாதேவி. பூக்கடையில் பூக்காரியைப் பார்த்ததை எவன் போய் அதிசயம் என்று சொல்லப்போகிறான்? மூன்று மாதமாகக் கடைவரிசை வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். ஷர்மினிக்கு அப்போதுதான் தொண்ணூற்றெட்டாம் வருடம் ஞாபகம் வந்தது. அச்சகத்துக்குக் கையெல்லாம் ஈரமாக ஒரு பெண் தனியாக வந்து விசிட்டிங் கார்டு கேட்டாள். எத்தனை வருடத் தொழில் என்று கேட்டதற்கு, சுங்காயில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் வாசலில் பதினேழு வயதில் ஆரம்பித்தது, தோட்டத்தை விற்றுப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டதும் இங்கே வந்து ஒரு மேசை போட்டிருக்கிறேன் என்றாள். கார்டு யார் பெயரில் என்று கேட்டதற்கு, "அவரு பேருதான். என் பேரப் போட்டா யாரு ஆர்டர் குடுப்பா?" என்றாள். சீனி அப்போது லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு போய் அவர் கடையில் வந்து உட்கார்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்தக் கார்டுக்கு எழுத்துக் கோத்தது ஷர்மினிதான், புரூஃபில் கையெழுத்துப் போட்டது கலாதேவிதான். இருபத்தைந்து வருடமாக இரண்டு பேரும் அதை மறந்தே போயிருந்தார்கள்.

ஷர்மினி அதையெல்லாம் போனில் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். "பேஜ்ல நிறுவனர்னுதான்க்கா போட்டேன். கடைய ஆரம்பிச்சது நீங்க. அந்த வரி கூப்புட்டது உங்கள. அவர இல்ல."

"அப்ப அவருக்குக் கோவம் இல்லியா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அவரு வராம இருந்ததுக்குக் காரணம் கோவம் இல்ல."

கலாதேவி பாப்பா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதார். வராமல் இருப்பவருக்காக அல்ல, செத்துப்போனவருக்காக, நல்ல மனுஷனுக்காக, மூன்றே முக்கால் வருடம் கழித்து முதல் தடவையாக அழுதார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது முடித்ததும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அந்த வரியை எடுத்துவிடவா என்று ஷர்மினி சாயங்காலம் மறுபடி போன் செய்து கேட்டபோது, எதற்கு, பொய்யா எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். கடைப் பெயர் சீனி என்றே இருக்கட்டும், நிறுவனர் என்ற இடத்தில் மட்டும் என் படத்தைப் போடு என்றார். ஷர்மினி புரூஃப் எடுத்துப் போனில் அனுப்பினாள். கலாதேவி கடைசி எழுத்து வரைக்கும் படித்துப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பீடோரிலிருந்து வந்த கலாதேவி, கடைக்கு எதிர்ச்சாரியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ரோட்டைக் கடக்கவில்லை. ஞானசேகரத்தின் கண்ணாடிக் கடை வாசலில் நின்று பார்த்தார். பெரியவர் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். எதிரே, பூக்களுக்கு நடுவில், ஐம்பத்தைந்து வயசுப் பொம்பளை ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். கை நிற்கவே இல்லை. முகத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள், தேனீயைப் புறங்கையால் தள்ளினாள், பேரம் பேசியவரைச் சிரித்தே அனுப்பினாள், ஒரு மாலையை முடித்து உதறிப் பார்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டு நிமிராமல் அடுத்ததை எடுத்தாள். கலாதேவி தன்னை இப்படிப் பார்த்ததே கிடையாது. இந்தப் பொம்பளையா ஒத்தையாக இவ்வளவு காலம் இதை இழுத்துக்கொண்டு வந்தாள் என்று அவருக்குப் பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஒரு கோப்பி ஓ வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு வரும்படி ஷர்மினிக்குப் போன் செய்து சொன்னார்.

ஷர்மினி கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றாள். எதிரே அந்தப் பெண்மணி கோப்பியை முழுவதும் குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் கட்டுறா லா," என்றார் கலாதேவி.

பிறகு, கடையில் ஆள் இருந்ததால், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பீடோருக்கே திரும்பிப் போனார். பாப்பா மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருந்தாள்.