ஆறாம் தறியின் கடைசி எட்டு வினாடி

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பேய்ப்பட ரசிகர்கள் கூடுவார்கள். பேய்ப்படத்தை ராத்திரியில் பார்ப்பதுதானே பொருத்தம் என்று யாராவது கேட்டுவிட்டால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். மறுநாள் வேலை, பஸ் கிடைக்காது, வீட்டில் திட்டுவார்கள் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உண்மைக் காரணம், படம் பார்த்துவிட்டு இருட்டில் தனியாக வீடு போய்ச் சேர அவர்களில் பாதிப் பேருக்குத் தைரியம் கிடையாது. அதனால் பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் ஒட்டி, மெனக்கெட்டு இருட்டை உண்டாக்கி, அதில் உட்கார்ந்து நடுங்கினார்கள்.

மனோஜ்குமார் சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஒன்றரை வருஷமாக ஒரு கூட்டம் தவறவில்லை. ஆனால் எந்தப் படம் உசத்தி என்று நடக்கும் சண்டைகளில் வாயைத் திறந்து ஒரு கட்சிக்கும் பேசியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுவிட்டுப் போகிற ஆள் என்றுதான் மற்றவர்கள் அவனை நினைத்திருந்தார்கள். அவன் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு படத்துக்காக. அந்தப் படத்தில் பேயாக நடித்தவள் அவனுடைய அம்மா.

படத்தின் பெயர் ‘ஆறாம் தறி’. தொண்ணூற்று மூன்றில் சூலூர்ப் பக்கத்து விசைத்தறிக்குடோன் ஒன்றில் எடுத்தார்கள். பேய் வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய நடிகை வராமல் போக, அதே குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பூவாத்தாளை டைரக்டர் கூப்பிட்டார். கண் பெரிசு, முடி இடுப்புக்குக் கீழே, தறியும் ஓட்டத் தெரியும், அவருக்கு வேறென்ன வேண்டும்? டைட்டிலில் அவளுக்கு ‘மதுரிமா’ என்று பெயர் போட்டார்கள். வசனத்தையெல்லாம் சென்னையில் வேறொரு பெண் பேசிக் கொடுத்தாள். படம் வெளிவருவதற்கு முன்பே பூவாத்தாள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அப்போது மனோஜுக்கு ஒன்றரை வயது.

பேயாக நடித்ததால்தான் போய்ச் சேர்ந்தாள் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அவர்களுக்குச் சாட்சியாகப் படத்தின் கடைசிக் காட்சி வாய்த்தது. பழிவாங்கி முடித்த பேய், குடோன் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும். உதடு மட்டும் அசையும். சத்தம் கிடையாது, தறிச் சத்தம்கூட நின்றிருக்கும். எட்டே வினாடி. பிறகு வெளிச்சத்துக்குள் போய்விடும். “உங்கம்மா கடைசீல சாபமுட்டுட்டுத்தான் போனா, அது யாரையும் உடாது” என்று அத்தை மாரியாத்தாள் சின்ன வயதில் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அப்பா அந்தப் படத்தின் பேரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவள் வாயிலிருந்து அவளாக வந்த சொல் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த எட்டு வினாடிதான். அது சாபமா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு ஒரு நாளும் சரியாக விடிந்ததில்லை.

செல்போனில் பார்த்திருக்கிறான், நூறு தடவைக்கு மேல். யாரோ டிவியிலிருந்து பிடித்து ஏற்றிய பிரதி. அதில் முகமே கலங்கித் தெரிந்தது, உதடு எங்கே தெரியும்?

இப்போது அந்தப் படத்தை ரீமேக் செய்திருந்தார்கள். விளம்பரத்துக்காகப் பழைய படத்தையும் சுத்தம் செய்து கூடவே வெளியிட்டிருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் இரண்டின் கடைசிக் காட்சியையும் சுவரில் பெரிதாகப் போட்டு, எது உசத்தி என்று முடிவு கட்டுவதாக ஏற்பாடு. மனோஜ் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே பஸ் ஏறியிருந்தான்.

பழைய படத்தின் கட்சிக்குத் தலைவர் ராமுலு சார். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ‘ஆறாம் தறி’ வந்தபோது தியேட்டரில் ஏழு தடவை பார்த்தவர், அதை ஏழாயிரம் தடவை சொன்னவர். ரீமேக் கட்சிக்கு ரோஹன். டியூஷன் சென்டர் அவனுடையது, புரொஜெக்டரும் அவனுடையது. அதனால் அவன் கட்சி கொஞ்சம் சத்தமாகவே பேசும். அன்றைக்குத் தன் தங்கை ஷ்ரவ்யாவையும் கூட்டி வந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் இருவரும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டுமாம். ஷ்ரவ்யாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நகைக்கடை ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். பட்டுச் சுடிதாரோடு முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கூட்டம் எப்போது கலையும் என்கிற முகத்தோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழைய படத்துல பேய் வாரதுக்கே ஒரு மணி நேரம் ஆகுதுங்க சார்” என்று ரோஹன் ஆரம்பித்தான்.

“அது வாரதுக்கு முன்னாடியே நாம பயந்துக்கறமல்லொ, அதுதானப்பா படம்! உங்க ரீமேக்குல பேயோட பல்லுக்கு மட்டும் எத்தன பேரு கம்ப்யூட்டர்ல வேல செஞ்சாங்களோ தெரியல. எனக்குப் பயமே வல்ல. பல்லு டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போலாமாட்ட இருந்துச்சு.”

பாதிக் கூட்டம் சிரித்தது. ரோஹன் விடவில்லை. “கடைசி ஷாட்டச் சொல்லுங்க. பழசுல என்ன சொல்லுதுன்னே தெரியல. ரீமேக்குல தெளிவா ‘வருவேன்’னு சொல்ல வெச்சிருக்கறாங்க. தியேட்டரே உறைஞ்சு போச்சுங்க.”

“தெரியலன்னு யாரு சொன்னது? ‘வஞ்சம்’னு சொல்றா. அதச் சத்தமில்லாம உட்டான் பாரு, அங்கதான் நிக்கறான் அந்த டைரக்டரு. அது மட்டுமில்லப்பா, அவ நம்மளப் பாக்கமாட்டா. நம்ம பக்கத்துல, கொஞ்சம் கீழ, யாரையோ பாப்பா. எந்த சீட்டுல உக்காந்தாலும் அப்படித்தான். ஏழு தடவையும் எனக்குப் பக்கத்துச் சீட்டத் திரும்பிப் பாக்காம இருக்க முடியல.”

வருவேன், வஞ்சம். இரண்டில் எது ஜெயித்தாலும் அத்தை சொன்னதுதான் ஜெயிக்கும். எழுந்து போய்விடலாமா என்றுகூட மனோஜ் நினைத்தான். அதற்குள் ரோஹன் விளக்கை அணைத்துவிட்டான்.

முதலில் ரீமேக் ஓடியது. நல்ல சத்தம், நல்ல பல். நாற்காலிகள் அதிர்ந்தன, இரண்டு பேர் அலறினார்கள். பிறகு பழைய படம்.

சுவர் முழுக்க அம்மாவின் முகம் வந்து நின்றது. புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது இத்தனை வருஷமும் மனோஜுக்குத் தெரியாது. மூக்குத்தி இருந்தது. காதோரத்து முடியில் ஒரு துளி பஞ்சு ஒட்டியிருந்தது. மேக்கப்காரர் வைத்த பஞ்சு அல்ல, தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள் எல்லோர் தலையிலும் இருக்கிற பஞ்சு. முப்பத்து மூன்று வயது ஆள், இருபத்து மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து ‘அம்மா’ என்று மனசுக்குள் சொன்னான். சொல்லவும் கூச்சமாக இருந்தது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவள் உதடு அசைந்தது. போய்விட்டாள்.

விளக்கு வந்ததும் சண்டையும் வந்தது. வஞ்சம், வருவேன், வஞ்சம், வருவேன் என்று இரண்டு கட்சியும் எழுந்து நின்று கத்தின. அப்போது முன்வரிசையில் ஷ்ரவ்யா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சைகையில் ஏதோ கேட்டாள்.

“எதுக்குச் சண்டைன்னு கேக்கறா” என்றான் ரோஹன். சைகையில் விளக்கினான். அவள் முகம் சுளித்தாள். பிறகு தன் குரலிலேயே பேசினாள். கொஞ்சம் தடித்த குரல், ஆனால் நிதானமாகப் பேசினால் எல்லோருக்கும் புரியும்.

“ரெண்டும் இல்லீங்க.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஷ்ரவ்யா எழுந்து திரும்பி நின்று தன் வாயைக் காட்டினாள். “‘வருவேன்’ சொல்லிப் பாருங்க. பல்லு கீழ்உதட்டை ரெண்டு தடவ தொடும். இவங்களுக்கு ஒரு தடவதான் தொட்டுச்சு. ‘வஞ்சம்’னா கடைசீல வாய் மூடணும். இவங்க வாய் மூடவே இல்ல. குவிஞ்சுதான் முடிஞ்சுது.”

பெரிய மனிதர்கள் பதினோரு பேர் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு வருவேன், வஞ்சம் என்று முணுமுணுத்தார்கள். ராமுலு சார் போன் கேமராவைத் திருப்பித் தன் உதட்டைத் தானே பார்த்தார். “அட, ஆமாம்ப்பா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு விஷயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தார்கள்.

“மறுபடி போடு” என்றாள் ஷ்ரவ்யா. ரோஹன் மெதுவாக ஓடவிட்டான். அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. திரும்பும்போது அவள் முகத்தில் அந்த அலுப்பைக் காணவில்லை.

“வாரேன் கண்ணு” என்றாள்.

அவள் மறுபடியும் சுவரைக் காட்டினாள்.

“நல்லாத் தெரியுதுங்க. ‘கண்ணு’ எனக்குத் தப்பாது. காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் ‘பாவம் கண்ணு’ன்னுதான ஆரம்பிப்பாங்க, ஆயிரம் தடவ பாத்திருக்கறேன். இன்னொண்ணு. மத்த நடிகருங்க வாய் இப்படி இருக்காது. இவங்க சத்தம் கேக்காத எடத்துல நின்னு சொல்ற மாதிரி, வாயத் தொறந்து, ஒவ்வொரு எழுத்தா சொல்றாங்க. என்ற ஸ்கூல் டீச்சருங்களாட்ட.”

சூலூரில் வளர்ந்த மனோஜுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தறிக்குடோனில் நூறு தறி ஓடும்போது யாரும் கத்திப் பேசமாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. வாயை அகலமாகத் திறந்து உதட்டால் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். அந்தக் காட்சியில் பேய் பேசவில்லை. தறி ஓட்டுகிற பூவாத்தாள் பேசினாள்.

“பேய் யாரப் போயி கண்ணுங்கும்?” என்றார் ராமுலு சார், தனக்குத்தானே சொல்வதுபோல. “அங்க யாரப் பாக்கறா அவ?”

மனோஜ் வெளியே வந்தான். படிக்கட்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டான். கீழே சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா வெள்ளியங்கிரி எடுத்ததும், முப்பத்திரண்டு வருஷமாக வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டான்.

“அப்பா, அந்தப் படத்துல கடைசியா அம்மா வாசல்ல நின்னு திரும்பிப் பாக்கறாங்களே. அத எடுக்கறப்ப நீங்க அங்க இருந்தீங்களா?”

போனைத் துண்டித்துவிடுவார் என்றுதான் நினைத்தான். அவர் துண்டிக்கவில்லை.

“இருந்தேன் சாமி.”

“நான்?”

“நீ என்ற மடீல இருந்த. பத்து மாசம். பால் குடிக்கிற புள்ளய உட்டுட்டு எப்படி வருவா? கேமராவுக்குப் பக்கத்துல கீழ உக்காந்துக்கங்க, புள்ளைக்கு என்ற மொகம் தெரியட்டும்னு அவதான் சொன்னா. தறியெல்லாம் ஓடீட்டிருந்துச்சு. அவ வெளிய போறதப் பாத்ததும் நீ கைய நீட்டிட்டு அழுதுபோட்ட. அவ திரும்பி உனக்கு என்னமோ சொன்னா. நான் உன்னையப் புடிச்சிட்டிருந்தேன், அவ மொகத்தப் பாக்கல. பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் மத்தவீக சாபங்கறாங்க, இல்லேன்னு சொல்ல எனக்கு வாயில்லாமப் போச்சு.”

“சாபமில்லீங்கப்பா. ‘வாரேன் கண்ணு’ன்னு சொன்னாங்க.”

அந்தப் பக்கம் அப்பா அழுகிற சத்தம் கேட்டது. மனோஜ் அதைக் கேட்டதே இல்லை. ஊட்டுக்கு வந்து பேசறேன் என்று சொல்லிப் போனை வைத்தான்.

தமிழ்நாட்டையே பயத்தில் உறையவைத்த பார்வை அது. எத்தனையோ பேர் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்து வியர்த்திருக்கிறார்கள். அத்தனையும், அழுகிற பிள்ளையை ஒரு அம்மா சமாதானம் செய்த பார்வை. அந்த இடத்தில் இருந்தது அவன். நினைக்க நினைக்க அவனுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே வந்தபோது கட்சிகள் கலைந்து எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எது உசத்தி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

“ரோஹன், இன்னொருக்காப் போடறீங்களா?” என்றான் மனோஜ். முன்னால் போய், சுவரைப் பார்த்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அம்மா வாசலுக்குப் போனாள். திரும்பினாள். சொன்னாள். கிளம்புகிறவர்கள் ‘வாரேன்’ என்று சொன்னால் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. பத்து மாதக் குழந்தைக்கு அது தெரிந்திருக்கவில்லை. மனோஜ் சத்தமில்லாமல், தறிக்குடோன்காரர்களைப் போல உதட்டை அகலத் திறந்து சொன்னான்: “செரிங்கம்மா, போய்ட்டு வாங்க.”

சுவருக்குப் பக்கத்தில் நின்ற ஷ்ரவ்யா மட்டும் அதைப் பார்த்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காட்சி முடிந்து சுவர் வெள்ளையானது. ரோஹன் புரொஜெக்டரில் கை வைத்தபடி, “இன்னொருக்காப் போடட்டுங்களாண்ணா?” என்றான்.

“வேண்டாம் ரோஹன்” என்றான் மனோஜ்குமார். “எங்கம்மா போய்ட்டு வரட்டும்.”