வெளிச்சம் காட்டிய இடம்

உத்திரமேரூர் ஏரியில் மீன் பிடித்தவனைக் கடலுக்கு அனுப்பலாமா? நான் அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். என் தம்பி ஆல்வின் இந்த அக்கா பேச்சைக் கேட்கவில்லை. ஏரி மீன் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விட்டது, நடவு வேலையும் இல்லை, வயிறு சும்மா இருக்குமா என்றான். கிழக்கே கடற்கரைக் குப்பத்தில் பாண்டுரங்கன் என்பவரின் படகில் கூலிக்குச் சேர்ந்தான்.

சேர்ந்த சில மாதத்திலேயே படகு உடைந்த செய்தி வந்தது. பாண்டுரங்கன் கரை சேர்ந்துவிட்டார், ஆல்வினைத்தான் காணோம் என்றார்கள். அவன் மனைவி திலகாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று அந்தக் கரையில் நிற்கிறது. கல் கட்டடம். இன்றைக்கும் கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் போகின்றன. அதன் அடியிலிருந்து கடலுக்குள் பாறைகள் நீண்டு கிடந்தன. படகின் உடைந்த துண்டுகள் அங்கேதான் ஒதுங்கியிருந்தன.

"எங்கியாவது கரை ஏறிக்கினு இருப்பாரு அண்ணி. அவரு நல்லா நீஞ்சுவாரு" என்று திலகா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

பாண்டுரங்கன் காலில் கட்டோடு மணலில் உட்கார்ந்திருந்தார். வலையில் வந்த திருக்கை மீனின் முள் குத்தி, படகிலேயே மயங்கிக் கிடந்தாராம். இருட்டில் தனியாகப் படகை ஓட்டி வந்தது ஆல்வின், அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"லைட்ட இடது கைப் பக்கம் வுட்டுட்டுத்தாம்மா கரைக்கு வரணும். இவன் நேரா லைட்ட பாத்தே வுட்டுக்கீறான். பாறையில மோதுன அப்புறந்தான் எனக்கு முழிப்பே வந்துச்சு. நான் காலி டீசல் கேன் ஒண்ண புடிச்சிக்கினு மெதந்தேன். அவன அல இஸ்துக்கினு போயிடுச்சு."

"நேரா வந்தா இன்னா தப்பு?" என்று திலகா கேட்டாள். "வான்னுதான லைட்டு போட்டு வச்சிக்கீறாங்க?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பாறை கீது, கிட்ட வராதன்னு போட்ட லைட்டும்மா அது. குப்பத்துல கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

எங்கள் ஏரியில் தண்ணீருக்குள் கருவேல மரங்கள் முள்ளோடு நிற்கும். லாரி டியூப்பில் மிதந்து வலை வீசுகிறவர்கள் இருட்டும் நேரத்தில் திரும்பும்போது, முள் இல்லாத இடமாகப் பார்த்து வீட்டுப் பெண்கள் கரையில் நின்று டார்ச்சைச் சுழற்றுவார்கள். வெளிச்சத்துக்கு நேராக வந்தால் போதும், டியூப் கிழியாது. ஆல்வினுக்கு எந்நாளும் டார்ச் சுழற்றியவள் திலகாதான். பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கும், "கடலாண்ட சுத்துற லைட்டு கீதாமே. நான்தான் நிக்கிறேன்னு நெனச்சிக்கினு வந்துடுய்யா" என்று சிரித்துச் சொல்லி அனுப்பினாள்.

அது இவளுக்கு ஞாபகம் வரக் கூடாது என்று கர்த்தரை வேண்டினேன். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

பொழுது சாய்ந்ததும் மேலே விளக்கு சுழலத் தொடங்கியது. தூரத்தில் ஒரு கப்பல் அதைப் பார்த்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த விளக்கின் மேல் காறித் துப்பத் தோன்றியது.

திலகா எழுந்து தண்ணீருக்குள் இறங்கினாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன், அவள் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் வீசி, கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"வராதய்யா! இது நான் இல்ல! வராத!"