லூப் எடுக்கப் போன நாள்

விசுவமடுவில் வயல் செய்யும் கோகுலனுக்கும் கிருசாந்திக்கும் ஒரே பிள்ளை, யதுர்ஷிகா. அவள் பிறந்த பிறகு கிருசாந்தி கருத்தடைக்காகக் கருப்பைக்குள் லூப் போட்டுக்கொண்டாள். வீட்டைக் கட்டி முடிக்கும்வரை அடுத்த பிள்ளை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. வீடும் முடிந்தது. குடிபுகுந்த அந்த மாரியிலேயே, முன்பள்ளி விட்டு வந்த யது நிரம்பி ஓடிய வாய்க்காலில் தவறி விழுந்து செத்துப்போனாள்.

ஆண்டுத்திவசம் கழிந்து ஒருநாள் கோகுலன் மெல்லக் கேட்டான்.

"இனி லூப்பை எடுப்பமே?"

அவள் தலையாட்டினாள்.

கிளினிக்கில் குடும்பநல மாது விமலேஸ்வரி கட்டிலில் விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். யதுவை வயிற்றில் சுமந்த காலத்திலிருந்து கிருசாந்தியை அறிந்தவர்.

"மிஸ், ஒண்டு கேக்கலாமே? இது உள்ளுக்கு இருக்கேக்க எனக்குப் பிள்ளை உண்டாகி, இதால அழிஞ்சு போயிருக்குமோ?"

விமலேஸ்வரி வேலையை விட்டுவிட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"அப்பிடி யோசிச்சு வருந்தாதை பிள்ளை. லூப்பில இருக்கிற செம்பு விந்தணுவின்ர பலத்தைக் குறைச்சுப் போடும். அது முட்டையோட போய்ச் சேராது. சேர்ந்தால்தானே பிள்ளை?"

கிருசாந்தி கண்ணைத் துடைத்தாள். "எடுத்தால் திரும்பப் பிள்ளை வருமோ?"

"ஓம். பிள்ளை தங்காமலிருக்கக் குடுக்கிற குளிசையும் ஊசியும் வேற மாதிரி. அதுகள் முட்டை வெளிய வாறதையே மறிக்கிறது. ஊசியை விட்டால் பிள்ளை தங்கக் கன மாதம் செல்லும். லூப் அப்பிடியில்லை. எடுத்த மாதமே தங்கலாம்."

"அவ்வளவு கெதியாவோ?"

கட்டிலில் ஏறப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இண்டைக்கு வேண்டாம் மிஸ்."

"உன்ர உடம்பு பிள்ளை. நீ சொல்லேக்க எடுப்பம்."

வெளியே கோகுலன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

"எடுத்தாச்சோ?"

"இல்லையப்பா. ஏலாமல் போச்சு."

"ஏன்?"

"இப்ப ஒரு பிள்ளை வந்தால், அதை நான் யது எண்டுதான் கூப்பிடுவன். அது யது இல்லையெண்டு ஒவ்வொரு நாளும் அழுவன். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்தது?"

யதுவின் சாவீட்டில் கூட அழாமல் ஓடித்திரிந்து காரியம் பார்த்தவன், இப்போது ஹாண்டிலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கி அழுதான். கிளினிக்குக்குக் கைக்குழந்தைகளோடு வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருசாந்தி அவன் முதுகைத் தடவியபடி நின்றாள்.

அடுத்த போகமும் விதைத்து அறுத்தார்கள். லூப்பைப் பற்றி அவன் பிறகு கேட்கவில்லை. அவளும் கிளினிக் பக்கம் போகவில்லை.