இடையில் யாரும் இல்லை

தம்பியின் அழைப்பு வந்தபோது புரோக்கரம்மா, ஜெராக்ஸ் கடையின் முன்பாதியில் வாடகைக்குப் பிடித்திருந்த தன் மேசையில், எந்தச் சாவி எந்த வீட்டுடையது என்று ஒரு கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உடனே வா. வாத்தியார் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. வீடு வாங்க வந்த டாக்டர் கீழ கார்ல உக்காந்திருக்காங்க. எந்த நிமிஷமும் கிளம்பிடுவாங்க."

"என்னை எதுக்குடா கூப்பிடறே? கம்பெனிக்கே 'இடையில் யாரும் இல்லை'ன்னுதானே பேர் வச்சிருக்கே."

"கிண்டல் பண்ற நேரமாக்கா இது?"

குரல் உடைந்திருந்தது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே குரல். சாவிக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். முட்டி வலித்தது. கண்டுகொள்ளவில்லை.

விஷயம் அவளுக்குத் தெரியும். தரகர் இல்லாமல் வீடு வாங்க, விற்க ஒரு செயலி. அதற்கு முதல் போடுவதாகச் சொன்ன அம்மாள் கறாராக ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இன்று மாலைக்குள் ஒரு வீடாவது அப்படிக் கைமாற வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் கைகுலுக்கும் படம் வந்து சேர வேண்டும். வந்தால் பணம். வராவிட்டால் கடையைக் கட்டிவிட்டுப் போகலாம். பணம் வந்துவிட்டால் கடையைக் கட்டப்போவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் சாப்பிடும்போது தம்பியே வாய்விட்டுச் சொன்னான். "உனக்கென்னக்கா, எங்க ஆபீஸ்ல ஃபோன் எடுக்கற வேலை தர்றேன்." அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

இருந்தும் கால்கள் வாத்தியார் வீட்டை நோக்கி ஓட்டமாகத்தான் போயின.

லிஃப்ட் இல்லாத கட்டடம். வீடு மூன்றாவது மாடியில். வாசலில் ஒரு காரின் பின்புறம் பாதித் தெருவை மறித்து நின்றது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்தி உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் தம்பி வெளிறிப்போய் நின்றான்.

"என்னடா பண்ணி வச்சே?"

"ரெண்டு பேரையும் எதிர் எதிரா உக்கார வச்சேன். மனசுல பட்டதை ஒளிக்காமச் சொல்லுங்கன்னேன். சொன்னாங்க."

புரோக்கரம்மா தலையில் கை வைத்தாள். அவள் தொழிலில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். பேச்சு முடிந்து முன்பணம் கைமாறும்வரை வாங்குபவரும் விற்பவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒருவர் மாடியில் என்றால் மற்றவர் தெருமுனையில். இரண்டு பேருக்கும் நடுவே ஓடி ஓடித்தான் அவளுக்கு முட்டியே தேய்ந்தது.

காரின் கண்ணாடியைத் தட்டினாள். பல் டாக்டர் இறக்கினாள். முப்பது வயதிருக்கும். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"யாருக்கா நீங்க?"

"அந்தப் பையனோட அக்கா. என்னம்மா ஆச்சு?"

"சமையலறையை இடிச்சிட்டு ட்ரீட்மென்ட் ரூம் பண்ணப் போறேன்னு சொன்னேன். ஒளிக்காமச் சொல்லுங்கன்னு அவர்தானே சொன்னார்? அதுக்கு அந்தப் பெரியவர், இடிக்கிறவளுக்கு என் வீடு கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். அந்த வீட்டுலயே வெளிச்சம் ஒழுங்கா வர்றது அந்த ஒரு ரூம்லதான். பல் நாற்காலியை வேற எங்க போடுவேன்? கக்கூஸ்லயா?"

கண்ணாடி ஏறிவிட்டது. ஆனால் புரோக்கரம்மாவின் காதில் ஒரு சொல் தங்கிவிட்டது. வெளிச்சம்.

முதல் மாடி. இரண்டாவது மாடி. மூன்றாவதில் மூச்சு முட்டியது. வாத்தியார் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எது, கிளட்ச் எது என்று சொல்லிக்கொடுத்தவர். போகிற வழியில் சமையலறையை எட்டிப் பார்த்தாள்; சுவரில் பாதி ஜன்னலாக இருந்தது. சாத்திய அறைக் கதவுக்கு வெளியே நின்று, "வாத்தியாரே" என்றாள்.

"வீடு விக்கிறதுக்கு இல்ல. போங்க."

"விக்கச் சொல்லி வரல. சமையலறை ஜன்னல் மட்டும் ஏன் அவ்வளவு பெருசு? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

இந்த முறை கதவுக்கு மிக அருகில் குரல் வந்தது.

"என் வீட்டுக்காரிக்குக் கண்ணு மங்கிடுச்சு. லைட் போட்டாலும் பத்தலன்னா. நானே நின்னு சுவரை உடைச்சு ஜன்னல் வச்சேன். இப்ப பொண்ணு வீட்டுல உக்காந்துக்கிட்டு, எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்கன்னு தினமும் ஃபோன் பண்றா. அவகிட்ட போய் உன் ஜன்னலை இடிக்க ஆள் பிடிச்சேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றது. நிறுத்தியது முட்டி அல்ல. இரண்டு பக்கத்துப் பேச்சும் இப்போது அவள் ஒருத்தியிடம் இருந்தது. வெளிச்சத்துக்காக ஜன்னல் வைத்தவர் மேலே. அதே வெளிச்சத்துக்காக வீடு வாங்க வந்தவள் கீழே. இது வேறு யாருக்கும் தெரியாது. இப்படியே, இந்தப் படியில், வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் போதும். கார் கிளம்பிவிடும். செயலி படுத்துவிடும். ஜெராக்ஸ் கடை மேசை பிழைத்துவிடும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளைத்தான் அந்த வியாபாரத்திலேயே சேர்க்கவில்லையே.

கீழே கார் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தினால் அல்ல. இருபது வருடமாக, முடியப்போகிற ஒவ்வொரு வியாபாரத்திலும் இதே இடத்தில் இப்படித்தான் அடித்திருக்கிறது. நாக்கு நமநமவென்றது. பாழாய்ப்போன நாக்கு.

இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். நகர்ந்துகொண்டிருந்த காரின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். டாக்டர் பிரேக்கை மிதித்தாள்.

"அந்த வெளிச்சத்துக்காக அவரே சுவரை உடைச்சு ஜன்னல் வச்சிருக்காரும்மா. அதை அடைச்சிடுவீங்களோன்னுதான் பயம்."

"அடைக்கிறதா? அதுக்காகத்தானேக்கா இந்த வீட்டையே கேட்டேன். அடுப்பு மேடையைத்தான் எடுக்கணும். ஜன்னல் அப்படியே இருக்கும்."

மறுபடி மூன்று மாடி. இந்த முறை முட்டி வலித்ததா என்றே அவளுக்கு நினைவில்லை.

"வாத்தியாரே, நாற்காலியை உங்க ஜன்னலுக்கு நேரா போடுவாங்களாம். அடுப்பு மேடை மட்டும் போகும். ஜன்னல் இருக்கும். அந்த வெளிச்சம் வேற எந்த ரூம்லயும் இல்லையாம்."

"அந்தப் பொண்ணா அப்படிச் சொல்லுச்சு?"

"வெளிச்சம்னு அவங்கதான் சொன்னாங்க." அதோடு சேர்த்துச் சொன்ன கக்கூஸை அவள் சொல்லவில்லை. படியேறும்போது எதைக் கீழேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதில்தான் அவள் பிழைப்பே இருந்தது.

தாழ்ப்பாள் விலகியது. டாக்டரும் மேலே ஏறி வந்தாள்.

சமையலறை ஜன்னல் ஓரமாகவே கைகுலுக்கல் நடந்தது. தம்பி ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். பிறகு தயங்கினான்.

"அக்கா... கொஞ்சம் தள்ளிக்கோ. ரெண்டு பேர் மட்டும்தான் படத்துல வரணும்."

"தெரியும்டா" என்று அவள் ஜன்னலைத் தாண்டி, பாத்திர அலமாரிப் பக்கம் போய் நின்றாள். வியர்வை கழுத்தில் ஓடியது. சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

தம்பி எடுத்தான். பார்த்தான். மறுபடி எடுத்தான். "ஒருத்தரை ஒருத்தர் பாருங்க சார். டாக்டர், இங்க இல்ல, அவரைப் பாருங்க." இன்னொன்று எடுத்தான். கடைசியில், வருவது வரட்டும் என்று அனுப்பிவிட்டான்.

அவள் அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெயில் கொட்டிக் கிடந்தது. இரண்டு கைகளும் இறுக்கமாகப் பிடித்திருந்தன. வாத்தியாரும் டாக்டரும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல, இரண்டு பேரும் படத்துக்கு வெளியே, அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபோன் அதிர்ந்தது. முதல் போடும் அம்மாளின் பதில்.

'ரொம்ப சந்தோஷம். ஆமா, ரெண்டு பேரும் யாரைப் பாக்கறாங்க?'

தம்பியின் கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேலே போய் நின்றது. அவன் தலை மெல்ல நிமிர்ந்து, அலமாரிப் பக்கம் திரும்பியது.